கிரவுன் பினியனைப் பலப்படுத்துகிறேன் என்று காசைக் கரைக்கும் தவறுகள்

கான்டெஸாவோ, இசுசு இன்ஜின் வந்த அம்பாசடரோ, பெரிய டீசல் இன்ஜின் ஏற்றின பழைய ஜீப்போ, பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் பவரைக் கூட்டினவுடனே எல்லோருக்கும் வரும் அடுத்த பயம், பின் ஆக்சில் நடுவே பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் சுற்றிவிடும் பெரிய பல்சக்கரமான கிரவுன் தாங்குமா என்பதுதான். நியாயமான பயம். 140 நியூட்டன் மீட்டர் இன்ஜின், முதல் கியர் 3.7, கிரவுன் ரேஷியோ 4.1 என்று பெருக்கிப் பாருங்கள், ஆக்சிலுக்குப் போய்ச் சேருவது 2,100 நியூட்டன் மீட்டருக்கு மேல். ஆனால் வீட்டு வண்டியில் கிரவுன் போவது பெரும்பாலும் இந்தக் கணக்கால் இல்லை. கிளட்சைப் பட்டென்று விடும்போது விழும் அடி, சரியாக செட் செய்யாத கியர், தப்பான ஆயில், இந்த மூன்றால்தான். கையில் காசு கம்மி என்றால் முதலில் இவற்றைப் பாருங்கள், பாகம் வாங்குவது அப்புறம்.

மலிவு என்று சொல்லி முதலில் எல்லோரும் யோசிப்பது வெல்டிங். திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவது டிஃபரன்ஷியல், அதற்குள் இருக்கும் ஸ்டார் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தை ஆக்சிலோடு சேர்ந்த சன் கியரோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றும் தொல்லை இல்லை, செலவும் சில நூறு ரூபாய். டெல்டாக்காரர்களுக்கு இதில் என்ன கோளாறு என்று விளக்கவே வேண்டாம். சேற்று வயலில் டிராக்டரில் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக் பெடலை மிதிப்பவர் வரப்பு வந்ததும் காலை எடுத்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்புவார். வெல்டிங் வைத்தவர் அந்தப் பெடலை விடாமல் மிதித்தபடி கும்பகோணத்துக் கோயில் வீதி முனையில் திரும்புகிறார். டயர் தேயும், ஆக்சில் முறுக்கிக்கொள்ளும், மழை ரோட்டில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். போதாததற்கு அந்தப் பல் மேற்புறம் கடினமாக்கப்பட்ட இரும்பு, வெல்டிங் சூட்டில் விரிசல் விடும். உதிர்ந்த துண்டு ஒன்று கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே போனால் ஹவுசிங்கே மிஞ்சாது.

அதற்காக சாதா டிஃபரன்ஷியலை எப்படி வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றும் இல்லை. களத்துமேட்டுப் பக்கம் ஒரு சக்கரம் சேற்றில் மாட்டிக்கொண்டால் ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்கிறார்கள் பாருங்கள், அப்போது ஸ்டார் பினியன் தன் பின்னில் அசுர வேகத்தில் சுற்றி, ஆயில் வறண்டு, அங்கேயே கவ்விக்கொள்ளும். நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளுவதே மேல்.

பாகம் வாங்கச் சென்னைப் புதுப்பேட்டை வரை போகிறவர்கள் இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துச் சேர்த்த ஜோடி, பெரும்பாலும் இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். இந்த வண்டிக் கிரவுனையும் அந்த வண்டிப் பினியனையும் பல் எண்ணிக்கை பார்த்துச் சேர்த்தால் சத்தம் ஒருநாளும் அடங்காது. இன்னொன்று, இழுவை வேண்டும் என்று 4.1-இலிருந்து 4.88-க்குப் போவது. 41-க்கு 10 பல் என்று இருந்தது 39-க்கு 8 ஆகிறது. அதே அளவு கிரவுனில் பல் குறைந்தால் பினியன் தலை சிறுக்கும், பலமும் குறையும். பலப்படுத்தப் போய் பலவீனமானதைக் காசு கொடுத்து வாங்குவது இதுதான்.

சரி, நல்ல ஜோடியே கிடைத்தது என்று வையுங்கள். அதைக் காதால் கேட்டு, கையால் ஆட்டிப் பார்த்துப் பூட்டினால் எல்லாம் வீண். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான் என் கருத்து. பேக்லாஷ், அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி, பல வண்டிகளில் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள், உங்கள் வண்டியின் சரியான அளவு மேனுவலில் இருக்கும். அப்புறம் நாலைந்து பல்லில் ப்ளூ என்ற நீல மையைத் தடவி, கிரவுனைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தபடி சுற்றி, பதிந்த தடத்தைப் பாருங்கள்: பல்லின் நடுவில் பதிந்தால் நல்லது, அடிவேரில் பதிந்தால் பினியன் கிரவுனை ரொம்ப நெருங்கியிருக்கிறது, நுனியில் பதிந்தால் விலகியிருக்கிறது. சிம் என்ற மெல்லிய தகட்டை மாற்றி மறுபடி பூட்ட வேண்டும், மறுபடி ப்ளூ, மறுபடி பார்க்க வேண்டும். இதற்குத்தான் கூலி, பேரம் பேசாதீர்கள். பினியன் பேரிங் இறுக்கத்தை அளக்க விலையுயர்ந்த கருவி இல்லாவிட்டாலும் வழி உண்டு, பினியன் முனையில் உள்ள ஃபிளாஞ்ச் என்ற வட்டத் தகட்டில் நூலைச் சுற்றி ஸ்பிரிங் தராசால் சீராக இழுத்து, காட்டும் எடையை ஃபிளாஞ்சின் ஆரத்தால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். 5 சென்டிமீட்டர் ஆரத்தில் 4 கிலோ காட்டினால் 20 கிலோ-சென்டிமீட்டர். பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் காலர் உள்ள வண்டியாக இருந்து, நட்டு அளவு மீறி இறுகிவிட்டால், அதைத் தளர்த்திச் சரிக்கட்டாதீர்கள். காலர் ஒருமுறை நசுங்கினால் நசுங்கினதுதான், புதுசு போட வேண்டும். இரண்டு பக்கத்து பேரிங் கேப்பையும் கழற்றும் முன்பே அடையாளம் குத்திவைக்கவும், இடவலம் மாறக் கூடாது.

ஆயிலில் ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. கடையில் “90 ஆயில்” என்று கேட்டு வாங்கினால் போதாது, அது கனத்தை மட்டும்தான் சொல்லும். நம் கிரவுன் பினியன் ஹைப்பாய்ட், அதாவது பினியன் கிரவுனின் நடுக்கோட்டிலிருந்து விலகி உட்காரும் வகை, என்றால் பல் பல்லின் மேல் வழுக்கித்தான் சுற்றுகிறது, அதற்கு ஜிஎல்-5 தர ஆயில் வேண்டும். அதையே கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள், கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் பித்தளை சின்க்ரோ ரிங் உள்ள பழைய கியர்பாக்ஸ்களில் அது சரிவராது. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும், கிளட்ச் தகடு உள்ள லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போட்டிருந்தால் அதற்குரிய ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் என்ற சேர்மானமும் சேர வேண்டும், இல்லாவிட்டால் திருப்பத்தில் கடகடவென்று அதிரும். புதுக் கியரை முதல் நாளே தஞ்சாவூர் பைபாஸில் சோதிக்காமல், கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி நன்றாக ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சுமார் 800 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிவிடுங்கள், முதல் ஆயிலில் இரும்புத் துகள் இருக்கும்.

பட்டை ஸ்பிரிங் வண்டியில் யாரும் பார்க்காத இடம், ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யு போல்ட்டும் ஸ்பிரிங் முனையில் உள்ள புஷ்ஷும். அவை தளர்ந்திருந்தால் கிளம்பும்போது ஹவுசிங் முறுக்கிக்கொண்டு எழும்பும், சக்கரம் குதிக்கும், ஒவ்வொரு குதிப்பும் பினியன் பல்லில் ஓர் அடி. பெரிய டயரும் இதே மாதிரி சுமையைக் கூட்டும். போல்ட்டையும் புஷ்ஷையும் சரிசெய்யச் செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம். கெட்டி ஆக்சில் வாங்கிப் போடுவதை நான் கடைசியில்தான் வைப்பேன். ஆக்சில் உடைந்தால் ஆக்சிலோடு போகும், ஆக்சில் உடையாவிட்டால் அடுத்து உடைவது கிரவுன்.

கடைசியாக, நம் ஊருக்கென்றே ஒரு தவறு. ஹவுசிங் மேல் சின்னதாக ஒரு பிரீதர், அதாவது காற்று போய்வரும் துளை, இருக்கும், வயல் சேறு காய்ந்து அதை அடைத்துவிடும். சூடான ஹவுசிங்கோடு ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோடு மூழ்கிக் கிடக்கும் இடத்திலோ வாய்க்கால் தண்ணீரிலோ இறக்கினால், உள்ளே காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஆயில் பாலாகிவிட்டால் உடனே மாற்றுங்கள். பிரீதரில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி உயரமாகக் கொண்டுபோய் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. அது அடைத்தபடியே ஓடினால் சூட்டில் அழுத்தம் கூடி ஆயில் சீலைத் தாண்டி டிரம்முக்குள் வரும், எனவே பின் பிரேக் பிடிக்கவில்லை என்று ஷூவை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் அந்த பிரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள்.