பழைய மாளிகையில் புதிய புகைப்படங்கள்: பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலிருந்து பரிசுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஈபிள் கோபுரம், லூர்து மாதா, லாச்சப்பலில் புடவைக் கடை, அப்புறம் சொந்தக்காரர் வீட்டு விருந்துகள். இதற்குள் ஒரு அரை நாளை ஒதுக்கி ஐரோப்பியப் புகைப்பட இல்லத்துக்கும் போய் வாருங்கள். கலியாண வீடு, சாமத்திய வீடு என்று கமரா தூக்கித் திரிகிற எங்கள் தம்பிமாரும் தங்கச்சிமாரும் வாய்ப்புக் கிடைத்தால் கட்டாயம் போக வேண்டும். 1706இல், அரசுக்காக வரி வசூலிக்கும் உரிமை பெற்றிருந்த ஒரு செல்வந்தருக்காகக் கட்டிய மாளிகை அது. 1996 முதல் புகைப்படத்துக்கென்றே இயங்குகிறது. போகிறவர்கள் பலர் அலுப்போடு திரும்புவதற்குக் காரணம், போனில் படம் பார்க்கிற பழக்கத்தோடு உள்ளே நுழைவதுதான். சுவரில் தொங்குகிற படத்துக்கு அளவு இருக்கிறது, தாள் இருக்கிறது, அதற்கென்று அளந்து வைத்த வெளிச்சம் இருக்கிறது.

முதல் தவறு வாசலிலேயே நடந்துவிடும். திங்களும் செவ்வாயும் இந்த இல்லம் பூட்டு. ஒரு கண்காட்சியை இறக்கி அடுத்ததை மாட்டுகிற நாட்களிலும் அறைகள் மூடியிருக்கும். இப்படியான இடங்களில் எப்போதும் ஒரே படங்கள் தொங்குவதில்லை. ஆகவே திறந்திருக்கிறதா என்பதோடு, இப்போது யாருடைய படங்கள் இருக்கின்றன என்பதையும் இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். லாச்சப்பல் பக்கம் தங்கியிருந்தால் வழி சுலபம்: கார் து நோர் நிலையத்தில் ஆர்.ஈ.ஆர். பி ரயில் ஏறி சாத்லேயில் இறங்கி, முதலாம் இலக்க மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம், சான் போல்.

அடுத்தது கட்டடம். மட்டக்களப்பு ஒல்லாந்தர் கோட்டைக்கு வருகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பீரங்கியோடு ஒரு செல்ஃபி, வாவிப் பக்கம் திரும்பி இன்னொன்று, முடிந்தது. 1628இல் போர்த்துக்கீசர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது, பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போய் நீண்ட காலம் கச்சேரி (அரசாங்க அலுவலகம்) நடந்தது. இத்தனை ஆட்கள் மாறிய இடத்தில் சுவரின் தடிப்பைக்கூட யாரும் நின்று பார்ப்பதில்லை. பரிசிலும் அதே அவசரம்தான். நுழைவாயில் ஃபூர்சி வீதியில் இருப்பதால், பின்னர் சேர்த்துக் கட்டிய புதிய பகுதியைத்தான் அந்த மாளிகை என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பழைய முகப்பும் இரும்பு வேலைப்பாடுள்ள உப்பரிகையும் ஃபிரான்சுவா மிரோன் வீதிப் பக்கம் இருக்கின்றன. சுற்றிப் போய்ப் பாருங்கள். உள்ளே பழைய படிக்கட்டையும் தவற விடாதீர்கள். ஆட்கள் குடியிருப்பதற்காகக் கட்டிய வீட்டில் படம் மாட்டினால், நடக்கிற விதமே வேறாகிவிடும். பெரிய மண்டபத்தில் போல ஒரே பார்வையில் எல்லாவற்றையும் அள்ள முடியாது, ஒவ்வொரு அறையாகத்தான் போக வேண்டும்.

உள்ளே போனதும் "என்ன இருட்டாக இருக்கிறது" என்று குறைப்படாதீர்கள். வெளிச்சம் தாங்காத படங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் அருங்காட்சியகங்கள் விளக்குப் போடும். எழுத்து வேலை நடக்கிற அலுவலக மேசைக்குப் பரிந்துரைப்பது 500 லக்ஸ். ஏன் இவ்வளவு சிக்கனம் என்பதற்கு விடை எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரிலேயே இருக்கிறது. எண்பதுகளில் எடுத்த கலியாணக் கலர்ப் படம் சிவப்பேறிப் போய், கூறைச் சேலையின் நிறம் தெரியாமல் கிடக்கும். அதற்குப் பக்கத்தில் அப்பப்பாவின் கறுப்பு வெள்ளைப் படம் அப்படியே இருக்கும். கலர்ப் படத்தில் உருவத்தைத் தாங்குவது சாயம். அந்தக் காலத்துச் சாயம் வெளிச்சத்திலும் மங்கும், பெட்டிக்குள் வைத்தாலும் மெல்ல மாறும். கறுப்பு வெள்ளையில் இருப்பது வெள்ளித் துகள். ஸ்டூடியோக்காரர் படத்தை ஒழுங்காகக் கழுவி எடுத்திருந்தால் அது இலேசில் போகாது. அருங்காட்சியகத்தில் ஜன்னலை மூடுவதும் ஃபிளாஷைத் தடுப்பதும் அந்தச் சாயத்தை நினைத்துத்தான். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்குச் சில நிமிடம் கொடுங்கள், தானாகப் பழகும்.

தொடுவது பெரிய பிழை, தோளில் தொங்குகிற பை அதைவிடப் பெரிய பிழை. தொடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். திரும்பும்போது முதுகுப் பை பிரேமில் இடிப்பதுதான் தெரியாமல் நடக்கும். இப்போதைய பெரிய படங்கள் பலவற்றில் கண்ணாடி தனியாக இருக்காது. படத்தின் முகத்தையே அக்ரிலிக் பலகையில் ஒட்டிவிடுவார்கள். அதில் ஒரு கீறல் விழுந்தால் பலகையை மட்டும் கழற்றி மாற்ற வழியில்லை. எதுவும் மூடாமல் வெறும் தாளாக மாட்டியவற்றில் விரலின் எண்ணெய்ப் பிசுக்குக் கறையாக நின்றுவிடும். பையை வாசலில் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள்.

"இதை நானும் எடுப்பேனே" என்ற வார்த்தை எங்கள் கமராக்காரப் பிள்ளைகளிடம் உடனே வரும். தொழில் தெரிந்தவர்கள் என்பதால் வருகிறது, அதில் குற்றமில்லை. ஆனால் அந்த நினைப்போடு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டால் போன பயணம் வீண். ஜேர்மனிய கலைஞர் அந்திரியாஸ் குர்ஸ்கி 1999இல் உருவாக்கிய ரைன் நதிப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புல், ஒரு பாதை, ஆறு, மறுபடி புல், வானம். அவ்வளவுதான். போனில் பார்த்தால் ஒன்றுமில்லை. நேரில் அது மூன்றரை மீற்றருக்கு மேல் அகலம். ஆற்றின் மறுகரையில் இருந்த கட்டடங்களை அவர் கணினியில் அழித்திருக்கிறார். அதன் ஒரு பிரதி 2011இல் 43 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. விலையை விடுங்கள். இருந்ததை அழித்துவிட்டு அவர் எதை எங்களுக்குக் காட்டுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். கல்லடிப் பாலத்தில் நின்று எடுத்த படத்தில் மின்கம்பியை அழிக்கிறபோது நாமும் அதே முடிவைத்தான், யோசிக்காமல், எடுக்கிறோம்.

அமெரிக்காவின் சிண்டி ஷெர்மனின் வேலை இதற்கு நேர் எதிர். 1977 முதல் 1980 வரை, பழைய சினிமாக் காட்சிகள் போலத் தோன்றும் ஏறத்தாழ 70 படங்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெண்ணாக வேடமிட்டு நிற்பது அவரேதான். எங்கள் ஸ்டூடியோக்களில் கேட்கிற அதே 8க்கு 10 அங்குல அளவில் அச்சிட்டவை. ஒன்றை மட்டும் பார்த்தால் யாரோ ஒரு நடிகை. வரிசையாகப் பார்த்தால்தான் அதே முகம் பிடிபடும். இன்றைய புகைப்படத்தில் பெரும்பகுதி இப்படித் தொகுதியாகத்தான் வருகிறது. நல்ல ஒரு படத்தைத் தேடி ஓடினால் தொகுதி கைநழுவிப் போகும். பெரிய படமென்றால் பின்னுக்கு நகர்ந்து நில்லுங்கள், சின்னதென்றால் கிட்டப் போங்கள். சுவரில் உள்ள சிறு குறிப்பையும் வாசியுங்கள். எடுத்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் வேறாக இருந்தால், அது எப்போதைய தாள் என்று விளங்கும்.

அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். என்ன கண்காட்சி என்று முதலில் நீங்கள் பார்த்துவிடுங்கள். போர், காணாமற்போனோர், உடல்கள் என்று திடீரென ஒரு அறை திறக்கலாம். நாவலடியிலும் கல்லடியிலும் 2004 சுனாமி வீடுகளோடு அல்பங்களையும் கொண்டுபோனது. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து மாட்டியிருக்கிற வீடுகள் எங்கள் ஊரில் எத்தனை! காந்திப் பூங்காவில் காணாமற்போன பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்து நின்ற தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுக்குப் படம் என்றால் என்ன என்று எந்தச் சுவர்க் குறிப்பும் சொல்லித் தர வேண்டியதில்லை. "உள்ளே இப்படியான படங்கள் இருக்கு, பார்க்கப் போறீங்களா அம்மா" என்று வாசலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேறு அறைக்குப் போகலாம். பார்க்கிறேன் என்றால் பக்கத்தில் நில்லுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

போன் கமராவில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு வருவது கடைசித் தவறு. சில கண்காட்சிகளில் அனுமதியே இருக்காது. இருந்தாலும் கண்ணாடியில் உங்கள் முகமும் விளக்கும்தான் விழும். அனுமதி உண்டென்றால் பெயர்ப் பலகையை மட்டும் எடுங்கள், வீட்டுக்கு வந்து அந்தப் பெயரைத் தேடலாம். இரண்டு அறையை ஒழுங்காகப் பார்த்தாலே போதும். கால் வலித்தால் அங்குள்ள நூலகம் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். புகைப்பட நூல்கள் ஏராளமாக இருக்கின்றன. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் படங்களைப் புரட்டலாம்.