த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தபின் ஐட்லிங் ஏறினால்: எஞ்சின் கணினிக்கு மறுபடி பழக்கும் முறை

எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு வால்வால் கட்டுப்படுத்தும் பகுதிதான் த்ராட்டில் பாடி. கரி படிந்த அதைச் சுத்தம் செய்து மாட்டியதும், அதுவரை ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) 750 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 750 சுற்று) அமைதியாக நின்ற எஞ்சின் 1,200-ஐத் தாண்டி இரைவதைக் கண்டு புதியவர்கள் பதறிவிடுகிறார்கள். பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. கரி போய்விட்டது, ஆனால் அது அடைத்திருந்த காற்றை ஈடுகட்ட வால்வைச் சற்றுக் கூடுதலாகத் திறந்து பழகிய கணினி, அந்தப் பழைய கணக்கை இன்னும் மறக்கவில்லை.

செய்முறைக்கு முன் கணினி எதைக் கற்கிறது என்று பார்த்துவிடுவோம். மோட்டாரால் இயங்கும் த்ராட்டிலில் வால்வின் கோணத்தை இரண்டு சென்சார்கள் அளக்கின்றன. இரண்டின் கணக்கும் ஒத்துவராவிட்டால் கணினி எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும். மூடிய நிலையின் வோல்ட் அளவு ஒவ்வொரு த்ராட்டில் பாடியிலும் சிறிது வேறுபடுவதால், பல வண்டிகளில் சாவி திருப்பும்போதோ அணைக்கும்போதோ மோட்டார் வால்வை அதன் தடுப்பு வரை மூடிப் பார்த்து, அப்போது கிடைக்கும் அளவையே மூடிய நிலையாகப் பதிந்துகொள்கிறது. (மின்சாரம் இல்லாதபோது வால்வு சிறிது திறந்தே நிற்கும். இது பழுதல்ல, மோட்டார் செயலிழந்தாலும் வண்டி மெல்ல நகர்வதற்காக ஸ்பிரிங் அப்படி அமைக்கப்பட்டுள்ளது.)

ஐட்லிங்கில் நடப்பது இதைவிடச் சுவையானது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தைப் பார்த்து இலக்கு வேகத்தைத் தீர்மானிக்கும் கணினி, கிராங்க் சென்சார் காட்டும் வேகத்தோடு அதை ஒப்பிட்டு, காற்றைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்கிறது. ஆனால் வால்வைத் திறந்ததும் காற்று சிலிண்டருக்குள் போய்ச் சேரச் சற்று நேரமாகும் என்பதால், ஏசி கம்ப்ரசர் திடீரென இழுக்கும்போது வேகம் சரியாமல் தாங்குவது முதலில் இக்னிஷன் டைமிங்தான் (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம்). இதற்காகவே ஐட்லிங்கில் டைமிங்கை வேண்டுமென்றே கொஞ்சம் பின்தள்ளி, முன்னகர்த்த இடம் வைத்திருப்பார்கள்.

இனி செய்முறை. எஞ்சினை இயல்பான வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, ஏசி, விளக்கு, ஃபேன் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். கியர் நியூட்ரலிலோ பார்க்கிலோ இருக்க, கை பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்துங்கள். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலையில் சிறிது நேரம் வைத்து, பிறகு அணைத்துக் காத்திருங்கள். எத்தனை விநாடி என்பது வண்டிக்கு வண்டி மாறுவதால், அதன் சர்வீஸ் கையேட்டைப் பார்ப்பதே முறை. சில வண்டிகளில், கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் கருவி வழியாகக் கட்டளை கொடுத்தால்தான் இது நடக்கும். இதன்பின் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, வேகம் படியும்வரை சில நிமிடங்கள் ஓடவிட்டு, கடைசியில் ஏசியைப் போட்டு இன்னும் சிறிது நேரம் ஓடவிடுங்கள்.

சாவி ஆன் நிலையில் இருக்கும்போது வால்வை விரலால் தள்ளவே கூடாது: மோட்டார் விரலை நசுக்கக்கூடும், உள்ளிருக்கும் பற்சக்கரமும் சேதமாகலாம்.

இத்தனைக்குப் பிறகும் வேகம் இறங்காமல் பி0507 (ஐட்லிங் வேகம் இருக்க வேண்டியதைவிட அதிகம் என்னும் பழுதுக் குறியீடு) வந்தால், பழக்கும் முறையையே திரும்பத் திரும்பச் செய்வது வீண்வேலை. த்ராட்டிலைத் தாண்டி எங்கோ காற்று புகுகிறது என்றே நான் முதலில் சந்தேகிப்பேன். வாக்குவம் குழாய்களையும், சுத்தம் செய்யும்போது கழற்றிய கேஸ்கட் ஒழுங்காக அமர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.