சிங்கப்பூர் – நியூயார்க்: விமான தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்குப் போடலாம்

இணையத்தில் தட்டினால் விடை நொடியில் வந்துவிடும். இருந்தாலும் ஒரே ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். டிக்கெட்டில் இருக்கும் நேரம் ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும். நான் எடுத்துக்கொள்வது சாங்கி (சிங்கப்பூர் விமான நிலையம்) – ஜேஎஃப்கே (நியூயார்க் விமான நிலையம்) தடம். நடுவில் எங்கும் நிற்காமல் பறக்கும் மிக நீண்ட தடங்களில் ஒன்று.

படி 1: நூல் பிடியுங்கள்

சுவரில் மாட்டிய வரைபடம் இதற்கு உதவாது. உலக உருண்டை ஒன்றை எடுத்து, சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரை ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் சீனா, மங்கோலியா, சைபீரியா என்று மேலேறி, வடதுருவத்தை ஒட்டிப் போய், கனடா வழியாக இறங்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. அதுதான் மிகக் குறுகிய பாதை.

படி 2: கிலோமீட்டராக மாற்றுங்கள்

சாங்கியின் அட்சரேகை வடக்கு 1.36 பாகை, ஜேஎஃப்கேயின் அட்சரேகை வடக்கு 40.64 பாகை. இரண்டையும் தனித்தனியே 90லிருந்து கழித்தால், துருவத்திலிருந்து இவை எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று தெரியும்: 88.64, 49.36. கூட்டினால் 138 பாகை. பூமியின் சுற்றளவு சுமார் 40,030 கி.மீ. அதை 360ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. ஆக, 138 × 111.2 = சுமார் 15,345 கி.மீ.

ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு ஊர்களும் பூமிக்கு நேரெதிர்ப் பக்கங்களில் (தீர்க்கரேகை வித்தியாசம் கிட்டத்தட்ட 178 பாகை) இருப்பதால்தான் இந்தச் சுலப வழி பலிக்கிறது. மற்ற ஊர்களுக்குக் கூகுள் எர்த்தில் உள்ள அளவுகோலைப் பயன்படுத்துங்கள்.

படி 3: நேரம்

நீண்ட தூர விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வகுத்தால் 17 மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணி சேர்த்தால் பதினேழரை. ஆனால் அட்டவணையில் ஏறக்குறைய 18 மணி 40 நிமிடம் இருக்கும். ஏன்?

காற்றுதான் காரணம். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. அதன் முதுகில் ஏறிக்கொள்ள, நியூயார்க் போகும் விமானம் பெரும்பாலும் பசிபிக் பக்கமாகச் சுற்றிப் போகும். நூல் காட்டிய தூரத்தைவிட அதிகம் பறந்தாலும், பின்னாலிருந்து தள்ளும் காற்றால் எரிபொருள் மிச்சமாகும். காற்று தினமும் மாறுவதால் பாதையும் மாறும். அதனால் படி 2இல் வந்த எண்ணைக் குறைந்தபட்ச தூரம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கடிகாரம்

கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் 13. ஜூலையில், வெள்ளி முடிந்து சனி பிறக்கும் நள்ளிரவு 12க்குக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நியூயார்க்கில் வெள்ளி நண்பகல். அதோடு 18:40ஐக் கூட்டினால், சனி காலை 6:40க்கு இறங்குவீர்கள்.

திரும்பும்போது கூடுதல் கவனம் வேண்டும். அங்கே வெள்ளி இரவு 10 மணி என்றால் சிங்கப்பூரில் சனி காலை 10. ஏறக்குறைய 19 மணி நேரம் கூட்டுங்கள்: ஞாயிறு அதிகாலை 5. அழைத்துப்போக வருபவரிடம் ஞாயிறு என்றே சொல்லிவிடுங்கள்.