விலங்குக் கதைக்குள் விலங்கைக் கொண்டுவந்த விதம்

மாணவர்களிடம் காட்டு விலங்குகளை வைத்துச் சிறுகதை எழுதச் சொன்னால் போதும், சிங்கம் தர்பார் நடத்தும், நரி ஏமாற்றும், ஆமை அறிவுரை சொல்லும். பெயரை மாற்றினால் எல்லாமே மனிதர் கதைதான்.

எனக்குக் கைகொடுத்தது ஒரே நிபந்தனை: கதையின் திருப்பம் அந்த விலங்கின் உடம்பிலிருந்தோ பழக்கத்திலிருந்தோ வர வேண்டும். ஆந்தையின் கண்கள் குழிக்குள் சுழலாது, அதனால்தான் கழுத்தை 270 டிகிரி வரை திருப்புகிறது என்று ஒரு மாணவி படித்துவிட்டு வந்தாள். கழுத்தில் அடிபட்ட ஆந்தை எப்படி வேட்டையாடும்? அங்கேயே கதை பிறந்துவிட்டது. யானைக் கூட்டத்தை மூத்த பெண் யானை வழிநடத்தும் என்பதை இன்னொருவன் பிடித்துக்கொண்டான். வறட்சிக் காலத்தில் அவள் இறந்துவிட்டால், தூரத்து நீர்நிலைக்கு வழி யாருக்குத் தெரியும் என்று போனது அவன் கதை.

விலங்கு பேசலாமா என்று கேட்பார்கள். பேசட்டுமே, தனக்குத் தெரியாததைப் பேசாமல் இருந்தால் சரி. எதிரொலியை வைத்துப் பூச்சி பிடிக்கும் வௌவால் இருட்டுக்கு ஏன் பயப்பட வேண்டும்?

அப்புறம், கடைசியில் நீதி சொல்லும் வரி வந்தால் அதை வெட்டிவிடுவேன்; முரண்டு பிடிப்பார்கள், பரவாயில்லை. வரைவு முடிந்ததும் விலங்கின் பெயரை மறைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கச் சொல்வேன். எந்த விலங்கு என்று அவர் கண்டுபிடிக்காவிட்டால் திருத்தி எழுத வேண்டும்.