சாஃப்ட்வேர் பேடன்ட் பத்தி உங்க ஓப்பன் சோர்ஸ் குரூப் எப்படி நிலைப்பாடு எடுக்கலாம்

"கோடு எழுதுறதுதான் நம்ம வேலை, இந்த சட்டம் கிட்டமெல்லாம் நமக்கெதுக்கு"ன்னு குரூப்ல யாராவது கண்டிப்பா கேப்பாங்க. அவங்ககிட்ட லினக்ஸ் டெஸ்க்டாப் செய்ற க்னோம்ங்கிற ஓப்பன் சோர்ஸ் குரூப்போட கதையச் சொல்லுங்க. அவங்ககிட்ட ஷாட்வெல்னு ஒரு போட்டோ மேனேஜர் இருக்கு, கேமராலேர்ந்து படத்த இறக்கி, அடுக்கி வெச்சு, வேணும்னா ஷேர் பண்ணிக்கலாம், அவ்ளோதான். அதுக்குப் போய் 2019ல அமெரிக்காவுல ஒரு பேடன்ட் கம்பெனி கேஸ் போட்டுச்சு, வயர்லெஸ்ல படம் அனுப்புறதுக்கு எங்ககிட்ட பேடன்ட், அதாவது எங்க அனுமதியில்லாம யாரும் அத செய்யக் கூடாதுங்கிற சட்ட உரிமை, இருக்குன்னு. காசு குடுத்து முடிச்சுக்கோங்கன்னு சொன்னதுக்கு க்னோம் ஒத்துக்கல, நிதி திரட்டுனாங்க, 4,000 பேர் சேர்ந்து 1,50,000 டாலருக்கு மேல குடுத்தாங்க. 2020 மே மாசம் கேஸ் முடிஞ்சப்ப, ஓஎஸ்ஐ (எதெது ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்னு சொல்ற அமைப்பு) அங்கீகரிச்ச லைசென்ஸ்ல வர்ற எந்த சாஃப்ட்வேர் மேலயும் கேஸ் போட மாட்டோம்னு எதிர்த்தரப்பு எழுதிக் குடுத்துச்சு. நிலைப்பாடு எடுக்கணும்னு நான் நெனைக்கிறதே இதனாலதான், அந்த ஒரு குரூப் உறுதியா நின்னதுல நம்ம எல்லாருக்கும் பாதுகாப்பு கெடச்சுது.

சரி, எப்படி எடுக்கிறது. மொதல்ல ரெண்டு கேள்வியப் பிரிச்சுக்கோங்க. சாஃப்ட்வேருக்கு பேடன்ட் குடுக்கலாமாங்கிறது ஒண்ணு, அத எவ்ளோ சத்தமா வேணா பேசுங்க. இன்ன நம்பர் பேடன்ட் நம்ம கோடு மேல படுதாங்கிறது வேற, அத குரூப் சாட்லயோ இஷ்யூ டிராக்கர்லயோ (பிழைகளப் பதிவு பண்ற இடம்) பேசவே பேசாதீங்க. ஏன்னா அமெரிக்காவுல தெரிஞ்சே மீறினதா நிரூபணம் ஆச்சுன்னா நஷ்டஈட்ட மூணு மடங்கு வரைக்கும் ஏத்த கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு, அங்க நம்ம கோட யூஸ் பண்றவங்களும் மாட்டலாம், யாரோ விளையாட்டா "இது அந்த பேடன்ட் மாதிரியே இருக்கே"ன்னு போட்ட ஒரு மெசேஜ் நாளைக்கு சாட்சியா வந்து நிக்கும். டெபியன்ங்கிற லினக்ஸ் ப்ராஜெக்ட் தன்னோட பேடன்ட் பாலிசியில இதுக்கு வழி வெச்சிருக்கு: பொது லிஸ்ட்ல வேணாம், வக்கீல்கிட்ட மட்டும் பேசுங்க. இத அப்படியே நீங்களும் எடுத்துக்கலாம்.

அடுத்து லைசென்ஸ். ஊருக்கு அறிக்கை விட்டுட்டு ரெப்போவுல (நம்ம கோடு இருக்கிற இடம்) பேடன்ட்ங்கிற வார்த்தையே இல்லாத எம்ஐடி லைசென்ஸ போட்டு வெச்சா பாதி வேலதான் ஆகியிருக்கு. அப்பாச்சி 2.0, ஜிபிஎல் 3ங்கிற லைசென்ஸ் ரெண்டுலயும் கோடு குடுக்கிறவங்க அதுக்கான பேடன்ட் உரிமையையும் சேத்தே குடுக்கிறாங்க, அப்பாச்சியில யாராவது அந்தக் கோடு மேலயே பேடன்ட் கேஸ் போட்டா அவங்களுக்குக் கெடச்ச உரிமை போயிடும். 2017ல ஃபேஸ்புக் தன்னோட ரியாக்ட்ங்கிற வெப் லைப்ரரியோட வெச்சிருந்த தனி பேடன்ட் நிபந்தனை எங்க ப்ராஜெக்ட்ல ஆகாதுன்னு அப்பாச்சி ஃபவுண்டேஷன் ஜூலைல சொல்லுச்சு, செப்டம்பர்ல ஃபேஸ்புக் அத எடுத்துட்டு எம்ஐடிக்கு மாறிடுச்சு. லைசென்ஸ்ல வர்ற பேடன்ட் வார்த்தைக்கு அவ்ளோ எடை இருக்கு.

நம்ம நாட்டு சட்டத்துக்கு வருவோம், இங்கதான் நம்ம குரலுக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கு. பேடன்ட் சட்டம் பிரிவு 3(கே), கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் 'பெர் சே', அதாவது வெறும் ப்ரோக்ராமா இருந்தா, பேடன்ட் கெடையாதுங்குது. 2004 டிசம்பர்ல ஒரு அவசரச் சட்டம் கொண்டாந்து, தொழில்ல பயன்படுற தொழில்நுட்பமா இருந்தா, ஹார்ட்வேரோட சேர்ந்து வந்தா குடுக்கலாம்னு அதுல ஓட்டை போடப் பாத்தாங்க. எதிர்ப்பு வந்துச்சு, 2005ல பார்லிமென்ட் அத சேக்காமலே விட்டுடுச்சு. 2015 ஆகஸ்ட்ல அதே மாதிரி கதவத் திறக்குற பேடன்ட் ஆபீஸ் கைட்லைன்ஸ் வந்தப்பவும் ஃப்ரீ சாஃப்ட்வேர் அமைப்புங்க விடாம எழுதுனாங்க, டிசம்பர்ல நிறுத்தி வெச்சாங்க.

அதனால பேடன்ட் ஆபீஸ் கருத்து கேக்கிறப்ப உங்க குரூப் பேர்ல ஒரு கடிதமாவது போகணும். கொள்கை முழக்கம் வேணாம், நாங்க இன்ன டூல் செய்றோம், இந்த மாதிரி பேடன்ட் வந்தா இன்ன ஃபீச்சர எடுக்க வேண்டி வரும்னு ரெண்டு பக்கம் போதும். அதோட பிரிவு 25(1) படி ஒரு விண்ணப்பம் பப்ளிஷ் ஆனதுக்கப்புறம், பேடன்ட் குடுக்கிறதுக்கு முன்னாடி, யார் வேணா எதிர்ப்பு தெரிவிக்கலாம். அதுக்கு ஆதாரம் வேணும், இது ஏற்கனவே இருந்த விஷயம்னு காட்டணும், அதனால பழைய ரிலீஸ், சேஞ்ச்லாக் (எதெத மாத்துனோம்ங்கிற குறிப்பு), டாகுமென்டேஷன் எதையும் அழிக்காம தேதியோட எல்லாரும் பாக்கிற இடத்துல வைங்க. கோடு மாற்றத்தப் பதிவு பண்ற கிட் கமிட் தேதிய மட்டும் நம்பாதீங்க, அத யாரும் மாத்தலாம்.

அறிக்கை எழுதுறப்ப மெம்பர்ஸ்ல கம்பெனி வேலையில இருக்கிறவங்கள சங்கடத்துல மாட்டி விட்டுடாதீங்க, அவங்க கம்பெனியே பேடன்ட் வெச்சிருக்கும். "இது குரூப்போட கருத்து, உறுப்பினரோட முதலாளி கருத்து இல்ல"ன்னு மொத வரியிலயே போட்டுடுங்க. பங்களிக்க வர்றவங்க இதுல கையெழுத்து போட்டாத்தான் உள்ள விடுவோம்னு வைக்கவும் வேணாம், மாறுபட்ட கருத்து இருக்கிறவங்க அனுப்புற கோடு திருத்தமும் நமக்கு வேணும். ரெண்டு வாரம் ட்ராஃப்ட வெச்சு எல்லாரும் படிச்சதுக்கப்புறம் ஓட்டு எடுங்க, முடிவான டெக்ஸ்ட ரெப்போவுல லைசென்ஸ் ஃபைல் பக்கத்துலயே தேதி போட்டு வைங்க, பேடன்ட் நோட்டீஸ் வந்தா யாருக்கு மெயில் பண்ணணும்ங்கிற முகவரியும் அதுலயே இருக்கட்டும்.