படம் வந்துவிட்டது, தேதி எங்கே? கைப்பேசியிலிருந்து கணினிக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டியவை

தைப்பூசம் முடிந்த கையோடு பினாங்கில் பாதிக் கைப்பேசிகளில் இடம் தீர்ந்துவிடும். வயரைச் செருகி, எல்லாவற்றையும் கணினியில் கொட்டிவிட்டு, கைப்பேசியில் இருப்பதை அழித்துவிடுவார்கள். பிறகு ஒருநாள் எதையோ தேடும்போதுதான் தெரியவரும்: மூன்று வருடத்துப் படங்களும் ஒரே மாலையில் எடுத்தவை போல வரிசையாக நிற்கும். உடனே வயருக்கும் விண்டோஸுக்கும் திட்டு விழும். என்னைக் கேட்டால், அவை இரண்டும் பெரும்பாலும் நிரபராதிகள்.

ஒரு படத்துக்குத் தேதி இரண்டு இடங்களில் இருக்கிறது. கேமரா படம் எடுக்கும் நொடியில், எக்ஸிஃப் என்ற குறிப்பாகப் படக் கோப்பின் உள்ளேயே எழுதி வைப்பது ஒன்று. கணினி தன் வசதிக்காகக் கோப்பின் மேல் ஒட்டுவது இன்னொன்று. கல்யாணப் பத்திரிகைக்குள் அச்சடித்த முகூர்த்த நாளும் உறையின் மேல் விழுந்த தபால் முத்திரையும் வேறுவேறுதானே, அப்படி. முத்திரை மாறினால் கல்யாணம் தள்ளிப்போகாது. ஆனால் பலர் முத்திரையைப் பார்த்துப் பதறுகிறார்கள், உள்ளே இருக்கும் பத்திரிகையைத் தொலைத்துவிடுகிறார்கள்.

விண்டோஸில் ஒரு கோப்பை நகல் எடுத்தால், 'டேட் கிரியேட்டட்' நகல் எடுத்த நேரத்துக்கு மாறும். 'டேட் மாடிஃபைட்' வழக்கமாக அப்படியே நிற்கும். 2023-ல் திருத்திய கோப்பு 2025-ல் பிறந்ததாகக் காட்டும் விநோதம் அதனால்தான். சில கைப்பேசிகளில் வயர் வழியாக மாற்றும்போது இரண்டுமே இன்றைய தேதியாகிவிடுவதும் உண்டு. பரவாயில்லை. கோப்புறையை 'டீட்டெய்ல்ஸ்' பார்வையில் வைத்து, மேலே உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து 'டேட் டேக்கன்' என்பதைச் சேருங்கள். அது எக்ஸிஃப் தேதி. அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினால் படங்கள் எடுத்த வரிசைக்கு வந்து நிற்கும். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிப் பேருக்கு அந்த இடம் காலியாக இருக்கும். காரணம் அநேகமாக வாட்ஸ்அப்.

கைப்பேசியிலிருந்து கணினிக்கு மாற்ற, தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பி, கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்து இறக்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. வயர் தேட வேண்டாம், சுலபம்தான். ஆனால் படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதைச் சுருக்குகிறது. கூடவே எடுத்த தேதி, இடம், கேமரா விவரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறது. எச்டி தரத்தில் அனுப்பினால் தெளிவு கூடும், தேதி வராது. ஆண்ட்ராய்டில் 'ஐஎம்ஜி-20250211-டபிள்யூஏ0007' என்பது போல ஒரு பெயர் மட்டும் மிஞ்சும். நடுவில் இருக்கும் எட்டு இலக்கம் படம் வாட்ஸ்அப்பில் வந்த நாள், எடுத்த நாள் அல்ல. தண்ணீர்மலையில் காவடி எடுத்த படத்தைச் சித்தி அடுத்த திங்கட்கிழமை குடும்பக் குழுவில் போட்டால், பெயரில் இருப்பது அந்தத் திங்கட்கிழமைதான்.

வழி இல்லாமல் இல்லை. அனுப்பும்போது 'கேலரி' என்பதை விட்டு 'டாக்குமெண்ட்' என்பதைத் தொட்டுப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு அப்படியே போகும், உள்ளே உள்ள தேதியும் கூடவே போகும். டெலிகிராமிலும் 'ஃபைல்' ஆக அனுப்பும் வழி உண்டு. சித்தியிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது தனி வேலை. முக்கியமான படம் என்றால் அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது அவர் கைப்பேசியிலிருந்தே எடுத்துக்கொள்வது எளிது.

ஐபோன்காரர்களுக்கு வேறொரு கண்ணி இருக்கிறது. ஆண்ட்ராய்டு கேமரா பெரும்பாலும் கோப்பின் பெயரிலேயே தேதியையும் நேரத்தையும் எழுதிவிடும், ஐபோன் எழுதாது. 'ஐஎம்ஜி_4521' என்று வெறும் எண் போட்டுக்கொண்டே போய், 9999-க்குப் பிறகு மறுபடி 0001-லிருந்து தொடங்கும். கணவன், மனைவி இருவரின் ஐபோன் படங்களையும் ஒரே கோப்புறையில் கொட்டினால் ஒரே பெயரில் இரண்டு படங்கள் மோதும். கணினி 'ரிப்ளேஸ் செய்யவா?' என்று கேட்கும், அவசரத்தில் ஆம் என்று தட்டிவிட்டால் தேதி என்ன, படமே போய்விடும். ஆளுக்கு ஒரு கோப்புறை வையுங்கள். அப்புறம், ஐபோனின் ஃபோட்டோஸ் அமைப்பில் 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்ற இடத்தில் 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று வைத்துவிடுங்கள். 'ஆட்டோமேட்டிக்' என்றிருந்தால் ஐபோன் எடுக்கும் ஹெயிக் வகைப் படங்களை, எங்கும் திறக்கும் ஜேபெக் வகைக்கு மாற்றிக்கொண்டே அனுப்பும், பாதியில் நின்றுபோகும் தொல்லை பெரும்பாலும் அதனால்தான்.

வீடியோவைப் பற்றி யாரும் சொல்வதில்லை. படத்தில் எக்ஸிஃப் தேதி உள்ளூர் நேரத்தில் இருக்கும். எம்பி4 வீடியோவில் நேரம் உலகப் பொது நேரத்தில் பதிவாக வேண்டும் என்பது விதி. மலேசிய நேரம் அதைவிட 8 மணி நேரம் முந்தியது. சில மென்பொருள்கள் கூட்டிக் கழித்து நம் நேரத்தைக் காட்டும், சில அப்படியே காட்டிவிடும். தைப்பூசத்தன்று காலை 6 மணிக்கு எடுத்த வீடியோ, முதல் நாள் இரவு 10 மணி என்று வந்து நிற்பது இதனால்தான். நள்ளிரவிலிருந்து காலை 8 மணிக்குள் எடுத்த எதுவும் ஒரு நாள் பின்னால் போய்விடும். நம் திருவிழாவில் பாதி நடப்பதே அந்த நேரத்தில்தான். தேதி தவறு என்று நினைத்து ஒவ்வொன்றாகக் கையால் திருத்தத் தொடங்காதீர்கள். வித்தியாசம் சரியாக 8 மணி நேரமா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் கோப்பு சரி, காட்டும் மென்பொருள்தான் கணக்குப் போடவில்லை.

இதற்கு நேர்மாறானது தனிக் கேமரா. தமிழ்நாட்டுக்குப் போனதும் கைப்பேசி தானாக இரண்டரை மணி நேரம் பின்னால் போய்விடும். கேமராவை நாமே திருத்தினால்தான் உண்டு. இல்லாவிட்டால் இரண்டையும் ஒரே ஆல்பத்தில் சேர்க்கும்போது காலை தரிசனம் மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால் வரும்.

கூகுள் ஃபோட்டோஸிலிருந்து டேக்அவுட் மூலம் மொத்தமாக இறக்குபவர்கள், படங்களோடு வரும் ஜேசன் கோப்புகளை (படத்தின் விவரங்களை எழுத்தாக வைத்திருக்கும் சிறு கோப்புகள்) குப்பை என்று அழிக்கிறார்கள். அழிக்கவே கூடாது. கூகுள் ஃபோட்டோஸுக்குள் நீங்கள் கையால் மாற்றிய தேதி படத்துக்குள் எழுதப்படுவதில்லை, அந்த ஜேசனில்தான் இருக்கும். தோட்டத்தில் எடுத்த பாட்டியின் பழைய படங்களை ஸ்கேன் செய்து, உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் வருடம் போட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும்.

ஸ்கேன் என்றதும் ஒன்று. 1962-ல் எடுத்த படத்துக்கு அந்த வருடத்தையே கோப்புத் தேதியாக வைக்கலாம் என்று சிலர் முயல்கிறார்கள். பென்டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் அமைப்புகளில் காலம் 1980-லிருந்துதான் தொடங்குகிறது, அதற்கு முந்தைய தேதியை அவை தாங்காது. எக்ஸிஃப் தாங்கும். அங்கே எழுதுங்கள்.

சரி, ஏற்கெனவே கெட்டுப்போனதை என்ன செய்வது? எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்க வேண்டியிருப்பதால் முதலில் கொஞ்சம் மிரட்டும். ஆனால் உள்ளே உள்ள தேதியைக் கோப்பின் மேல் ஒட்டுவது, கோப்பின் பெயரில் உள்ள தேதியை உள்ளே எழுதுவது, ஒரு கோப்புறை முழுவதையும் இத்தனை மணி நேரம் முன்னோ பின்னோ நகர்த்துவது எல்லாம் ஒரே வரியில் முடியும். கேமராவின் இரண்டரை மணி நேரக் குழப்பத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. உள்ளே எழுதும்போது அது பழைய கோப்பைப் பெயரின் கடைசியில் 'ஒரிஜினல்' என்று சேர்த்துத் தனியாக வைத்துக்கொள்ளும். ஒரே படம் இரண்டிரண்டாக இருக்கிறதே என்று உடனே அழிக்க வேண்டாம், முடிவைச் சரிபார்க்கும்வரை இருக்கட்டும்.

மாற்றும்போது 'கட்' வேண்டாம், 'காப்பி' மட்டும். வயர் பாதியில் ஆடினால் 'கட்' செய்தது இங்கும் இல்லாமல், அங்கும் இல்லாமல் போகலாம். காப்பி முடிந்ததும் நாலைந்து படங்களையும் ஒரு வீடியோவையும் திறந்து, 'பிராப்பர்ட்டீஸ்' போய், படத்துக்கு 'டேட் டேக்கன்', வீடியோவுக்கு 'மீடியா கிரியேட்டட்' பாருங்கள். வாட்ஸ்அப் கோப்புறையைத் தனியாகப் பிரித்து வையுங்கள், கேமரா படங்களோடு கலக்க வேண்டாம். இதெல்லாம் ஆன பிறகு கைப்பேசியில் அழிக்கலாம்.