வேளாண் பொருளாதார ஆய்வு: மாடல் போடுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

வேளாண் பொருளாதாரத்தில் ஆய்வு தொடங்குபவர்கள் முதலில் கேட்பது எந்தப் புள்ளியியல் மாடல் போடலாம், எந்த மென்பொருள் நல்லது என்றுதான். நான் பார்த்தவரை ஆய்வு கெட்டுப்போவது அதற்கு வெகு முன்பே, எதை எப்படி அளந்தோம் என்ற இடத்தில்.

மகசூலையே எடுத்துக்கொள்ளுங்கள். விளைச்சலைப் பரப்பால் வகுத்தால் போதும் என்று தோன்றும், ஆனால் எந்தப் பரப்பு? விதைத்ததா, அறுத்ததா? வறட்சியில் பாதி வயல் காய்ந்துபோய் மீதியை மட்டும் அறுத்திருக்கும்போது, அறுத்த பரப்பால் வகுத்தால் காய்ந்த பாதி கணக்கிலேயே வராது. வறட்சியின் பாதிப்பைத்தான் ஆராய்கிறீர்கள் என்றால் இதைவிடப் பெரிய கோளாறு வேறில்லை.

அப்புறம், பரப்பை விவசாயியிடம் கேட்டு அப்படியே எழுதிக்கொள்வது. அவர் பொய் சொல்வதில்லை. ஆனால் ஜிபிஎஸ் வைத்து அளந்து ஒப்பிட்ட ஆய்வுகளில், சிறிய வயல்களைக் கூட்டியும் பெரியவற்றைக் குறைத்தும் சொல்லும் போக்கு திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. கூட்டிச் சொன்ன பரப்பால் வகுத்தால் சின்ன வயலின் மகசூல் உண்மையைவிடக் குறைவாகத்தானே வரும்? சிறு பண்ணையில் மகசூல் அதிகமா என்ற பழைய விவாதத்தில் இறங்குபவர்கள் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும்.

செலவுக் கணக்கில் வீட்டு ஆட்களின் உழைப்பைச் சேர்க்காமல் விட்டுவிட்டு லாபம் என்று எழுதாதீர்கள். பல வருட விலைகளைப் பணவீக்கத்துக்குச் சரிசெய்யாமல் ஒப்பிடாதீர்கள்.

வணிகத் தரவுக்கு வருவோம். ஒரு நாடு காட்டும் ஏற்றுமதியும் வாங்கிய நாடு காட்டும் இறக்குமதியும் பொருந்தவில்லை என்றதும் மோசடி என்று முடிவுகட்டக் கூடாது. ஏற்றுமதி மதிப்பில் பொதுவாகக் கப்பல் செலவும் காப்பீடும் சேராது, இறக்குமதி மதிப்பில் சேரும். ஒவ்வொரு பொருள்வகைக்கும் தரும் சுங்கக் குறியீட்டு எண்களும் சில வருடங்களுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன, 2017, 2022 பதிப்புகள் போல. ஒரு பொருளின் வணிகம் ஒரே வருடத்தில் சரிந்தால் சந்தையைக் குறை சொல்லும் முன் குறியீடு மாறியதா என்று பாருங்கள். அரிசியில் இன்னொரு சிக்கல்: உற்பத்தியை நெல்லாகவும் வணிகத்தை அரிசியாகவும் தரும் தரவுகள் உண்டு, 100 கிலோ நெல் சுமாராக 67 கிலோ அரிசிதான். இரு நாடுகளுக்கிடையே வணிகம் பூஜ்யம் என்று இருக்கும் தரவு வரிகளையும், பூஜ்யத்துக்கு லாகரிதம் எடுக்க முடியவில்லை என்று பலர் தூக்கிவிடுகிறார்கள். வணிகம் ஏன் நடக்கவில்லை என்பதும் தகவல்தான். அந்தப் பூஜ்யங்களைத் தக்கவைக்கும் பாய்சான் என்ற புள்ளியியல் முறையைப் பொருளாதார நிபுணர்கள் சாண்டோஸ் சில்வாவும் டென்ரேரோவும் 2006லேயே முன்வைத்துவிட்டார்கள்.

விலையையும் விற்ற அளவையும் வரைபடத்தில் போட்டு, அந்தக் கோட்டைத் தேவைக் கோடு, அதாவது எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடு என்பது பெரிய தவறு. தேவையும் அளிப்பும் சேர்ந்தே நகர்ந்திருக்கலாம். 1928ல் எண்ணெய்களின் இறக்குமதி வரியை ஆராய்ந்த பொருளாதார நிபுணர் பிலிப் ரைட் இதற்கு வழி காட்டினார்: அளிப்பை மட்டும் அசைக்கும் ஒரு காரணத்தைப் பிடித்தால், தேவை தனியாகத் தெரியும். மழை அப்படிப்பட்டது என்று நினைத்து உடனே எடுத்துப் போட்டுவிடாதீர்கள், மழை விவசாயக் கூலித் தொழிலாளியின் வருமானத்தையும் மாற்றும், அவர் வாங்குவதும் மாறும்.

நில ஆய்வில் செயற்கைக்கோள் படம் மரம் இருப்பதைக் காட்டும், அது காடா என்று சொல்லாது. உலக உணவு மற்றும் வேளாண் அமைப்பின் வரையறையில் ரப்பர் தோட்டம் காடு, எண்ணெய்ப்பனைத் தோட்டம் காடல்ல. வெட்டி மறுபடி நடவிருக்கும் மரத்தோட்டமும் காடுதான். எனவே மரப்போர்வை குறைந்ததைக் காடழிப்பு என்று தலைப்பிடும் முன், உங்கள் தரவு எந்த வரையறையில் வந்தது என்பதைக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.